முதிர்ந்த பாறையின் நுண்ணறைகள்

புதுப்பானையில் ஊற்றி வைத்த நீர் சிறிது நேரத்தில் குளிர்ந்து விடுவதை யாவரும் அறிவர். அப்பானையின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்தால் ஈரம் கசிந்திருப்பது தெரியும். பானையில் ஓட்டை ஒன்றும் இல்லை. ஆயினும் நீர் வெளியே வருகின்றது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய துளைகள் அதன் சுவரெங்கும் நிறைந்திருப்பதே இதற்குக் காரணமாகும். கெட்டியாகத் தோன்றும் பொருள்கள் யாவும் உண்மையில் கெட்டியானவை அல்ல என்பதற்குப் பானையே சான்று.

பாறைகளும் இத்தகையனவே. மணற்பாறையில் மணலுக்கும் மணலுக்கும் இடையே வெற்றிடங்கள் உண்டு. அவ்விடங்களில் நீரும் எண்ணெயும் எரிவாயுவும் தங்கும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் தருகின்ற கிணறுகளுள் மிகப் பல, மணற்பாறையையோ துளை மிகுந்த சுண்ணாம்புப் பாறையையோ துளைத்து அமைக்கப்பட்டவை. ஆனால், களிப்பாறையின் இயல்பு வேறு. கடலடியிலும் ஏரியடியிலும் படிந்த நுண்ணிய சேறு, மேலே படிந்த மண்ணின் சுமையால் நெருக்குண்டு, நீரை இழந்து இறுகியதே களிப்பாறை. அது ஏடு ஏடாகப் பிளக்கும். அதன்மேல் ஊற்றிய நீர் எளிதில் உள்ளே இறங்குவதில்லை. ஆதலால், எண்ணெய் தேடுவோர் களிப்பாறையை இரண்டு வகையாகவே நெடுங்காலம் மதித்து வந்தனர். எண்ணெயைப் பிறப்பிக்கும் தாய்ப்பாறை என்றனர். பிறந்த எண்ணெய் மேலே தப்பி ஓடாமல் தடுக்கும் மூடுபாறை என்றனர். அதுவே எரிவாயுவைச் சேர்த்து வைத்திருக்கும் களஞ்சியமும் ஆகக்கூடும் என்று எண்ணியவர் சிலரே.

அச்சிலருள் ஒருவர் அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் மிட்செல் என்பவர். அம்மாநிலத்தின் வட பகுதியில் பார்னெட் களிப்பாறை என்னும் கரிய பாறைப் படிவம் ஒன்று, தரைக்குக் கீழே 2 கிலோமீட்டர் அளவிலும் அதற்கு மேற்பட்ட ஆழத்திலும் பரந்து கிடக்கின்றது. அது ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு. மிட்செலின் நிறுவனம் 1981 ஆம் ஆண்டில் அப்பாறையில் முதற்கிணற்றைத் தோண்டியது. வாயு வந்தது, ஆனால் செலவுக்கு ஈடாக வரவில்லை. பாறையைப் பிளக்கும் முறைகளை மாற்றி மாற்றி முயன்றனர். 1990களின் இறுதியில், நீரையும் மணலையும் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையில் வெடிப்புகளை உண்டாக்கும் முறை பயன் தந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட விடாமுயற்சியின் பின்னரே பார்னெட் பாறை தன் செல்வத்தை ஈந்தது.

அப்போது விந்தையான செய்தி ஒன்று தெளிவாயிற்று. ஒரே பாறைப் படிவம். ஒரே காலத்தில் படிந்த ஒரே வகைச் சேறு. ஆயினும், ஒரு பகுதியில் தோண்டிய கிணறுகள் எரிவாயுவை மிகுதியாகத் தந்தன. வடக்கிலும் மேற்கிலும் உள்ள சில பகுதிகளிலோ எண்ணெய் மிகுந்து, வாயு குறைந்திருந்தது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? துளையற்றது என்று கருதப்பெற்ற பாறைக்குள் வாயு எங்கே தங்கியிருந்தது? இவ்விரு வினாக்களும் தனித்தனியே தோன்றினாலும், இவற்றின் விடை ஒன்றே.

வாயு தங்கும் இடத்தைக் காண்பதே முதலில் அரிதாக இருந்தது. களிப்பாறையைச் சாதாரண முறையில் தேய்த்து மெருகேற்றினால், மென்மையான பகுதிகள் பிய்ந்து போகும். பொடி சென்று துளைகளை அடைக்கும். பின்னர் நுண்ணோக்கியில் காணப்படுவது பாறையின் இயல்பான துளையா, தேய்த்தவர் உண்டாக்கிய பள்ளமா என்று சொல்ல இயலாது. ஆர்கான் என்னும் வாயுவின் மின்னேற்ற அணுக்களைக் கற்றையாகப் பாய்ச்சிப் பாறையின் முகத்தைச் செதுக்கும் முறை பின்னர்க் கையாளப்பட்டது. இம்முறையால் கண்ணாடி போன்ற வழவழப்பான முகம் கிடைத்தது. ராபர்ட் லூக்சு என்பாரும் அவருடன் ஆராய்ந்தோரும் பார்னெட் பாறையை இவ்வாறு செதுக்கி, எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் நோக்கினர். அவர்கள் கண்ட முடிவுகள் 2009 ஆம் ஆண்டில் வெளியாயின.

அம்முடிவுகள் வியப்பைத் தந்தன. மணற்பாறையில் உள்ளவாறு மணிகளுக்கு இடையே அத்துளைகள் மிகுதியாக இல்லை. பாறையில் ஆங்காங்கே சிதறிக் கிடந்த கரிய உயிர்ப்பொருள் துணுக்குகளின் உள்ளேயே அவை மிகுதியாகக் காணப்பட்டன. தேனடையைப் போலவும் கடற்பஞ்சைப் போலவும் அத்துணுக்குகள் துளைபட்டிருந்தன. துளைகளின் அளவு 5 நானோமீட்டர் முதல் சில நூறு நானோமீட்டர் வரை இருந்தது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாகப் பிரித்தால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் ஆகும். மனிதனின் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். எரிவாயுவின் பெரும்பகுதியாகிய மீத்தேனின் மூலக்கூறு அரை நானோமீட்டருக்கும் சிறியது. ஆகவே, மயிரிழையைவிடப் பல நூறு மடங்கு குறுகிய ஓர் அறைக்குள்ளும் மீத்தேன் மூலக்கூறுகள் கூட்டமாகத் தங்க முடியும்.

இன்னொரு செய்தியும் புலனாயிற்று. மிகுந்த வெப்பத்துக்கு உட்படாத பார்னெட் பாறைத் துண்டுகளில் இத்துளைகள் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். வெப்பத்துக்கு நன்கு உட்பட்ட துண்டுகளில் அவை நிறைந்திருந்தன. பாறைக்குள் அறைகளைக் குடைந்தது வெப்பமே என்பது இதனால் பெறப்படும். அது குடைந்த வகையை அறிய, பாறையின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து காணுதல் வேண்டும்.

கடலின் மேற்பரப்பில் வாழும் நுண்ணிய பாசிகளும் சிற்றுயிர்களும் கணக்கற்றவை. அவை மடிந்து அடித்தளத்தை நோக்கி வீழ்கின்றன. அங்கே உயிர்வளி கலந்த நீர் இருப்பின், அவற்றைப் பிற உயிர்கள் தின்றும் சிதைத்தும் அழித்து விடும். நீர் அசையாது தேங்கி, உயிர்வளி அற்றிருப்பின், மடிந்த உடல்கள் முற்றும் சிதையாமல் சேற்றுடன் சேர்ந்து புதையும். பசுமையும் கொழுப்பும் கொண்டிருந்த அவ்வுடல்கள் நாளடைவில் மாறி, கெரோஜன் என்னும் கரிய திண்பொருளாகின்றன. மெழுகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. களிப்பாறைக்குக் கரிய நிறத்தைத் தருவது பெரும்பாலும் இப்பொருளே. பாறை எண்ணெயில் இலைப்பச்சையின் வழிவந்த பொருள்கள் உள்ளன என்று 1934 ஆம் ஆண்டில் ஆல்பிரட் டிரைப்சு என்னும் ஜெர்மானிய வேதியியலறிஞர் காட்டினார். எண்ணெயின் மூலம் உயிர்களே என்பதற்கு அது வலிய சான்றாயிற்று.

புதைந்த சேறு அடுக்கடுக்காகக் கீழே இறங்குகின்றது. பூமியின் உள்ளே செல்லச் செல்ல வெப்பம் மிகும். பல இடங்களில் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெப்பநிலை உயர்கின்றது. அடுப்பில் வைத்த உலையைப் போல் இவ்வெப்பம் விரைந்து செயற்படுவதில்லை. ஆனால், அது பல கோடி ஆண்டுகள் இடைவிடாது நின்று வேலை செய்கின்றது. மண்பாண்டத்துக்குச் சூளை எத்தகையதோ, புதைந்த பாறைக்குப் பூமியின் ஆழம் அத்தகையது. இவ்வாறு வெப்பத்தால் பாறையிலுள்ள உயிர்ப்பொருள் படிப்படியாக மாறுவதையே அறிஞர் அப்பாறையின் முதிர்ச்சி என்பர்.

ஒரு பாறை எவ்வளவு முதிர்ந்தது என்பதை அளக்கவும் வழி உண்டு. சேற்றுடன் கலந்து புதைந்த மரத்துணுக்குகள் விட்ரினைட் என்னும் பொருளாக மாறிப் பாறையில் ஆங்காங்கே கிடக்கும். வெப்பம் ஏற ஏற அவற்றின் பளபளப்பு மிகும். அவற்றை மெருகேற்றி, நுண்ணோக்கியின் கீழ் ஒளியைச் செலுத்தி, நூற்றில் எத்தனை பங்கு ஒளி திரும்புகின்றது என்று கணக்கிடுவர். அவ்வளவு சற்றேறக்குறைய 0.6 விழுக்காட்டைக் கடந்தால் பாறை எண்ணெயைப் பிறப்பிக்கத் தொடங்கிவிட்டது என்பர்; 1.3 விழுக்காட்டைக் கடந்தால் எரிவாயுப் பருவத்தை அடைந்துவிட்டது என்பர். சுட்ட மண் மீண்டும் பச்சை மண் ஆவதில்லை. அதுபோலவே, ஒரு முறை ஏறிய பளபளப்பும் குறைவதில்லை. ஆழத்தில் வெந்த பாறை பின்னர் நிலத்தின் எழுச்சியால் மேலே வந்து குளிர்ந்து கிடந்தாலும், அது பட்ட மிகை வெப்பத்தின் கணக்கு அத்துணுக்குகளில் அழியாமல் நிற்கும்.

முதிர்ச்சியின் படிகளை ஒரே பாறையில் வரிசையாகக் காண்பதற்கு ஏற்ற இடம் ஒன்று ஜெர்மனியின் வட பகுதியில் உள்ளது. வெசர் ஆற்றங்கரையில் உள்ள ஹாமெல்ன் நகரை அடுத்த ஹில்சு வட்டாரமே அது. அங்குள்ள பொசிடோனியாக் களிப்பாறை ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்தது. பொசிடோனியா என்பது அப்பாறையில் மிகுதியாகக் காணப்படும் ஒரு வகைச் சிப்பிக்கு முன்னாளில் வழங்கிய பெயர். அதே பாறை ஜெர்மனியின் தெற்கில் ஹோல்ட்சுமாடன் என்னும் ஊரில் வெளிப்படுகின்றது. மீனுருவம் கொண்ட பழங்காலக் கடல் ஊர்வனவற்றின் எலும்புக்கூடுகள் சிதையாமல் கிடைப்பதால் அவ்வூர் உலகப் புகழ் பெற்றது. பாறை படிந்த கடலடியில் உயிர்வளி அற்றிருந்தது என்பதற்கு அவ்வெலும்புக்கூடுகளும் சான்றாகும்.

ஹில்சு வட்டாரத்தில் விக்கென்சன், ஹார்டெரோடு, ஹாடெஸ்ஸன் என்னும் மூன்று இடங்களில் தோண்டி எடுத்த பாறைத் துண்டுகள் அறிவியலுலகில் பெரிதும் ஆராயப்பட்டவை. இம்மூன்று இடங்களும் ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவுக்குள் அடங்கும். ஆயினும் அவற்றின் முதிர்ச்சி வேறு வேறானது. விக்கென்சன் பாறையின் ஒளி அளவு ஏறத்தாழ 0.5, ஹார்டெரோட்டில் ஏறத்தாழ 0.9, ஹாடெஸ்ஸனில் ஏறத்தாழ 1.45. சேறு ஒன்றே, பட்ட வெப்பமே வேறு. ஆகவே, இவற்றை ஒப்பிட்டால் வெப்பம் செய்த வேலை தனித்துத் தோன்றும்.

விக்கென்சன் பாறை முதிராத பாறை. அதில் களிமண் தகடுகளுக்கும் சுண்ணாம்புத் துகள்களுக்கும் இடையே எஞ்சிய வெற்றிடங்களே துளைகளாக உள்ளன. அவை சேறு படிந்தபோதே அமைந்தவை. புதிய சேற்றில் பாதிக்கு மேற்பட்ட பகுதி நீரே ஆகும். சுமையால் நெருக்குண்டு அந்நீர் பெரும்பாலும் வெளியேறிய பின்னும் மிஞ்சிய சந்துகள் அவை. இப்பாறையின் கெரோஜன் துணுக்குகளிலோ துளைகள் இல்லை என்றே சொல்லலாம்.

ஹார்டெரோடு பாறை எண்ணெய்ப் பருவத்தை எய்திய பாறை. இப்பருவத்துக்குரிய வெப்பம் பொதுவாக 60 முதல் 120 பாகை செல்சியஸ் அளவுக்கு உட்பட்டது. கெரோஜனின் பெரிய மூலக்கூறுகள் உடைந்து, முதலில் கீல் போன்ற கெட்டியான பொருளாகவும், பின்னர் எண்ணெயாகவும் மாறுகின்றன. அப்பொருள் இளகி, அருகிலுள்ள மணியிடைச் சந்துகளுக்குள் புகுந்து அவற்றை அடைத்து விடுகின்றது. மேலுள்ள சுமையும் பாறையை மேலும் நெருக்குகின்றது. ஆகவே, வெப்பம் மிகுந்தும் வெற்றிடம் மிகுவதில்லை, மாறாகக் குறைகின்றது. வெப்பம் ஏறினால் துளைகளும் ஏறிக்கொண்டே போகும் என்று எண்ணுவோர் ஏமாறும் இடம் இதுவே. பொருள் பிறந்துவிட்டது, அது தங்கும் அறைகளோ அடைபட்டு விட்டன.

ஹாடெஸ்ஸன் பாறை எரிவாயுப் பருவத்தை எட்டிய பாறை. வெப்பம் மேலும் ஏறியதால், சந்துகளை அடைத்திருந்த கீலும் எண்ணெயும் மீண்டும் உடைகின்றன. அவற்றின் இலேசான பகுதி வாயுவாகப் பிரிகின்றது. கரி மிகுந்த பகுதி திண்மமாகப் பின்னே தங்குகின்றது. பிரிந்த வாயு அத்திண்மத்தினுள் குமிழ்களாகக் கிளம்பி இடம் தேடுகின்றது. வேகும் ஆப்பத்தில் கண்கள் தோன்றுவதைப் போல, எஞ்சிய கரிப்பொருளில் எண்ணற்ற நுண்துளைகள் தோன்றுகின்றன. இதனால், எண்ணெய்ப் பருவத்தில் குறைந்த துளைமை இப்பருவத்தில் மீண்டும் உயர்கின்றது. எண்ணெய்ப் பருவத்துக்கு முன்னிருந்த வெற்றிடம் மண்ணுக்கும் மண்ணுக்கும் இடைப்பட்டது. இப்போது பிறந்த வெற்றிடத்தில் ஒரு பெரும்பங்கு உயிர்ப்பொருளுக்குள்ளேயே அமைந்தது. உணவாகக் கிடந்த பொருளே உறைவிடமாகவும் மாறியது எனலாம்.

இவ்வட்டாரத்தில் வெப்பம் இத்துணை விரைவில் வேறுபட்டதன் காரணத்தையும் அறிஞர் ஆராய்ந்தனர். அருகில் ஆழத்தில் எரிகுழம்பு புகுந்து பாறையைச் சுட்டது என்று முதலில் கருதினர். ஒருபுறம் பாறை மிக ஆழமாகப் புதைந்து, பின்னர் மேலே எழுந்தமையே காரணம் என்னும் கருத்து பிற்காலத்தில் வலுப்பெற்றது.

விறகு கரியாகும் வகையை அறிந்தோருக்கு இம்மாற்றம் எளிதில் விளங்கும். கரிமூட்டம் போடுவோர் விறகை அடுக்கி, மண்ணால் மூடி, காற்று மிகுதியாகப் புகாதவாறு எரியூட்டுவர். விறகிலுள்ள நீரும் புகையும் பிசினும் வெளியேறிய பின் கரி எஞ்சும். அக்கரி விறகைவிட எடை குறைந்தது, துளை மிகுந்தது. வெளியேறிய பொருள் விட்டுச் சென்ற இடமே துளையாகின்றது. பூமியின் ஆழத்திலும் காற்று இல்லை. மூடிய மூட்டமே அது. ஹாடெஸ்ஸன் பாறையில் எஞ்சியுள்ள உயிர்ப்பொருளின் அளவு விக்கென்சன் பாறையில் உள்ளதைவிடக் குறைவாக இருப்பதும் இதனோடு ஒத்துவருகின்றது.

பல கோடி ஆண்டுகளில் நிகழும் இம்மாற்றத்தின் ஒரு பகுதியைச் சில நாட்களில் நிகழ்த்திக் காட்டவும் அறிஞர் வழி கண்டுள்ளனர். முதிராத பாறையைத் துண்டுகளாக உடைத்து, நீருடன் வலிய எஃகுக் கலத்தில் இட்டு மூடி, 300 பாகை செல்சியஸுக்கு மேல் மூன்று நாள் அளவுக்குச் சூடாக்குவர். கலத்தைத் திறந்தால் நீரின்மேல் எண்ணெய் மிதப்பதைக் காணலாம். இத்தகைய சோதனைகளை அமெரிக்க அறிஞர் மைக்கேல் லூவன் முதலானோர் 1970களின் இறுதியிலிருந்து நடத்தினர். காலத்தின் குறைவை வெப்பத்தின் மிகுதியால் ஈடு செய்வதே இச்சோதனையின் உத்தி. ஆயினும் பூமியின் சுமையும் நெடிய காலமும் செய்யும் அனைத்தையும் ஒரு கலம் செய்து விடாது. ஆகவே, சோதனையில் கண்டதை இயற்கையில் உள்ள பாறையோடு ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு கூறுவர்.

துளைகள் இத்துணைச் சிறியவையாக இருப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். சிறுமையிலேயே அவற்றின் பெருமை அடங்கியுள்ளது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனை ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள சிறு கனசதுரங்களாக வெட்டினால் ஆயிரம் கிடைக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகும். பத்து நானோமீட்டர் பக்கமுள்ள துகள்களாக வெட்ட முடியுமானால், மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டராகப் பெருகும். கைவிரல் நுனியளவு பொருளுக்குள் ஒரு பெரிய மாளிகையின் தரைப்பரப்பு அடங்கிவிடும்! நுண்துளைகளின் சுவர்ப்பரப்பும் இவ்வாறே பெருகுகின்றது. வாயு மூலக்கூறுகளில் ஒரு பகுதி துளையின் நடுவே தங்கும். மற்றொரு பகுதி சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். கரித்துண்டு தீய நாற்றத்தை ஈர்த்துக்கொள்வதும் இத்தன்மையாலேயே ஆகும். ஆகவே, முதிர்ந்த களிப்பாறை அளவில் சிறிய இடத்திலும் மிகுந்த வாயுவைச் சேர்த்து வைக்கின்றது.

அதே சிறுமை ஒரு தடையும் ஆகின்றது. இவ்வளவு குறுகிய வழிகளில் வாயு தானாக ஓடி வருவதில்லை. பாறையில் வெடிப்புகளை உண்டாக்கினால்தான், அவற்றை அடுத்துள்ள அறைகளிலிருந்து வாயு மெல்ல வெளிப்படும். மிட்செலின் நிறுவனம் இத்துணை ஆண்டுகள் போராடியதன் காரணம் இதுவே. பார்னெட் பாறையின் பகுதிகளுக்கு இடையே கண்ட வேறுபாட்டின் காரணமும் இங்கே விளங்குகின்றது. எரிவாயு மிகுந்த பகுதி மிக முதிர்ந்தது. எண்ணெய் மிகுந்த பகுதி அந்நிலையை எட்டாதது.

முதிர்ச்சி மிகுதொறும் நன்மையும் மிகும் என்று கொள்ளுதல் பொருந்தாது. சூளையில் அளவு மீறி வெந்த செங்கல் உருகி, உருக்குலைந்து, துளைகளை இழக்கும். பாறைக்கும் இந்நிலை உண்டு. சீன நாட்டின் தென்பகுதி இதற்கு எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 44 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த லுங்மாசி களிப்பாறை அங்கே எரிவாயுவை மிகுதியாகத் தருகின்றது. 2012 ஆம் ஆண்டில் சோங்கிங் பகுதியிலுள்ள பூலிங் என்னும் இடத்தில் தோண்டிய கிணறு அதனை மெய்ப்பித்தது. அதற்கும் கீழே, ஏறத்தாழ 52 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த மற்றொரு கரும்பாறை உள்ளது. அதிலும் உயிர்ப்பொருள் மிகுதி. ஆனால் பல இடங்களில் அதன் ஒளி அளவு 3.5 விழுக்காட்டையும் கடந்து நிற்கின்றது. அங்கே உயிர்ப்பொருள் பென்சில் கரியை ஒத்த நிலையை நோக்கி மாறத் தொடங்கி, அதன் நுண்துளைகள் சுருங்கியும் அமுங்கியும் போயின. புதிதாக வாயு பிறக்கவும் வழியில்லை; முன்னர்ப் பிறந்த வாயுவும் நெடுங்காலத்தில் பெரும்பாலும் தப்பிவிட்டது. மேலே உள்ள இளைய பாறை தந்த அளவு வாயுவை இம்முதிய பாறை தரவில்லை.

வெப்பம் ஒன்றே எல்லாவற்றையும் முடிவு செய்யும் என்றும் கூறலாகாது. பாசியிலிருந்து வந்த உயிர்ப்பொருளில் துளைகள் எளிதில் தோன்றும். மரத்திலிருந்து வந்த துணுக்கில் அவ்வளவாகத் தோன்றா. ஒரே பாறைத் துண்டில் துளைபட்ட துணுக்கும் துளைபடாத துணுக்கும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதுண்டு. பாறையில் பளிங்குக்கல் போன்ற வலிய கனிமங்கள் மிகுந்திருப்பின், அவை தூண்களைப் போல் நின்று சுமையைத் தாங்கி, மென்மையான துளைகள் நசுங்காமல் காக்கும். களிமண் மிகுந்திருப்பின் துளைகள் எளிதில் அமுங்கும். களிமண் கனிமங்களும் வெப்பத்தால் மாறி நீரை வெளிவிடும். அப்போது வெளிப்படும் மணற்சத்து பிற சந்துகளில் படிந்து அவற்றை அடைப்பதும் உண்டு. பிறந்த பொருள், பெற்ற வெப்பம், தாங்கிய சுமை ஆகிய மூன்றும் சேர்ந்தே பாறையின் உள்ளமைப்பை வகுக்கின்றன.

இவ்வறிவால் விளையும் பயன் பெரிது. ஆழ்கிணறு ஒன்றைத் தோண்டப் பெரும்பொருள் செலவாகும். பாறை கரியது என்பதை மட்டும் நம்பித் தோண்டுவோர் பொருளை இழக்க நேரும். அது முதிராததா, எண்ணெய்ப் பருவத்தில் அடைபட்டு நிற்பதா, வாயுப் பருவத்தில் துளைத்து நிற்பதா, அதையும் கடந்து பாழ்பட்டதா என்று முன்னரே ஆராய்ந்தால் வீண் செலவு குறையும். வீணே நிலத்தைத் துளைப்பதும் குறையும். கரியமில வாயுவை நிலத்தடியில் அடைத்து வைக்க விரும்புவோரும் இத்துளைகளின் தன்மையை ஆராய்கின்றனர். இத்தகைய கரிப்பொருள் மீத்தேனைவிடக் கரியமில வாயுவை வலுவாக ஈர்க்கின்றது என்பது சோதனைகளில் கண்ட உண்மை.

எடுக்கக்கூடியது எல்லாம் எடுக்கத்தக்கதே என்று எல்லா நாடுகளும் கருதவில்லை. பாறையைப் பிளக்க மிகுந்த நீர் வேண்டும். திரும்பி வரும் உப்பு நீரையும் கழிவையும் கவனமாகக் கையாள வேண்டும். கசியும் மீத்தேனும், எரித்தபின் எழும் கரியமில வாயுவும் உலகின் வெப்பத்தை மிகுவிக்கும். ஜெர்மனி 2016 ஆம் ஆண்டில் இயற்றி, அடுத்த ஆண்டில் நடைமுறைப்படுத்திய சட்டத்தால், களிப்பாறையை இவ்வாறு பிளந்து வணிக நோக்கில் வாயு எடுப்பதைத் தடை செய்தது. அமெரிக்காவிலோ களிப்பாறை வாயு நாட்டின் எரிபொருட் செல்வத்தில் பெரும்பங்காயிற்று. ஒரே அறிவியலைக் கொண்டு இரு நாடுகள் இரு முடிவுகளுக்கு வந்தன. பாறையில் என்ன உள்ளது என்பதை அறிவியல் கூறும். அதனை என் செய்வது என்பதை மக்களே ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும்.

கடலில் மிதந்த பாசி மடிந்து, சேற்றில் புதைந்து, கரியாகி, எண்ணெயாகி, வாயுவாகி, தான் இருந்த இடத்திலேயே தனக்கென அறைகளையும் அமைத்துக்கொண்டது. இதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயின. குறைந்த வெப்பத்தில் அவ்வறைகள் பிறக்கவில்லை. மிகுந்த வெப்பத்தில் அவை நிலைக்கவில்லை. அளவான வெப்பத்தில் நெடுங்காலம் இருந்தபோதே அவை உருவாயின. அடுப்பில் ஒரு வேளை எரிந்து மறையும் நீலச்சுடரின் பின்னே இத்துணை நீண்ட வரலாறு உள்ளது. அதனை அறிந்தோர் அச்சுடரை வீணே எரிய விடமாட்டார்கள்.